பணக்காரக் காலடி

ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தை அம்மா கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தாள். பல்கலைக்கழகத்தில் யாரோ ஆராய்ச்சி செய்து போட்ட படம். இந்தத் தீவுகளில் வந்து குடியேறியவர்கள் வருஷம் போகப்போக எவ்வளவு வசதியானார்கள் என்று காட்ட, ஒவ்வொரு இனத்தாருக்கும் ஒரு கோடு. ஒக்கினாவாக்காரர்களின் கோடு இடது மூலையில் தரையோடு தரையாகக் கிளம்பி, தாளின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. வியட்நாமியர்களான எங்கள் கோடு குட்டை. பாதித் தாள் தாண்டித்தான் அது ஆரம்பித்தது. ஆரம்பித்த இடத்திலேயே, மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரிப் படுத்துக் கிடந்தது.

"இதுல நாம எது?" என்று அம்மா கேட்டாள்.

"இந்தச் சின்னது."

"இவ்வளவு கீழயா? எவன் வந்து எம் பானைய எட்டிப் பார்த்துட்டு இதைப் போட்டான்?"

"பொதுவாப் போட்டிருக்காங்கம்மா. எல்லா வீட்டையும் சேர்த்து."

"எதுக்குச் சேக்கணும்? அந்தச் சோம்பேறி லொங்கையும் என்னையும் ஒண்ணாச் சேர்த்தா கோடு எப்படி மேல ஏறும்?"

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் மேலே போகிற கோட்டையும் கீழே கிடக்கிற கோட்டையும் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டியதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள். குழம்புப் பானை கொதித்து மூடியைத் தட்டியது.

"இந்த வருஷம் நம்ம வீட்டுக்கு மில்ட்ரெட்தான் மொதல்ல வரணும்" என்றாள்.

எங்கள் புத்தாண்டுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. புத்தாண்டன்று வாசலைத் தாண்டி முதலில் உள்ளே வருகிற வெளியாளின் அதிர்ஷ்டம் எதுவோ அதுதான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கும். அதனால் எங்களில் யாரும் அதைத் தற்செயலுக்கு விட்டுவிடுவதில்லை. வசதியானவராக, பிள்ளைகள் படித்தவராக, சிரித்த முகமாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவைத்து அழைப்பார்கள். போன வருஷம் நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தோம். அந்த வருஷம் கடையின் பெரிய குளிர்பெட்டி செத்துப்போனது, சுகாதார ஆய்வாளர் இரண்டு முறை வந்தார், அம்மாவுக்கு முழங்கால் வீங்கியது.

"நகைக்கடைக்காரனும் நம்ம ஆளுதான? அவனும் இந்தக் கீழ்க்கோட்டுலதான கெடக்கான்? அதான் வெளங்கல" என்றாள் அம்மா, புதிதாக ஓர் உண்மையைக் கண்டுபிடித்த விஞ்ஞானியின் முகத்தோடு.

மில்ட்ரெட் குஷிகென் எங்கள் கட்டடத்துக்காரர். ஹொனலுலுவில் ஓடையோரமாக நிற்கும் பழைய மரக்கட்டடம் அது. கீழே எங்கள் நூடுல்ஸ் கடை, கடைக்குப் பின்னால் அம்மாவும் நானும் இருக்கும் இரண்டு அறைகள், மாடியில் அவர் தனியாக. எழுபதை நெருங்குகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஒக்கினாவாவிலிருந்து கப்பலேறி வந்த ஒருவரின் பேத்தி. தெருவே அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும்.

"அவங்களுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியாதேம்மா."

"தெரியாட்டி என்ன? காலு இருக்குல்ல? வாசப்படி தாண்டத் தெரியும்ல? போயி நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வா."

அந்தக் காலடி எனக்கும் வேண்டியிருந்தது. ஜூன் மாதத்தோடு கடையின் குத்தகை முடிகிறது. மில்ட்ரெட் ஆன்ட்டி காகிதம் கேட்கிறவர் இல்லை. கைகொடுத்தால் ஐந்து வருஷம், அவ்வளவுதான். சியாட்டிலில் செவிலியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டும் ஆகிவிட்டது, மறுபடியும் தள்ளிப்போட அவர்கள் விடமாட்டார்கள். அம்மா பலமுறை யோசித்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: "மில்ட்ரெட் கைகுடுத்துட்டா நீ கெளம்பு. ஒத்தாசைக்கு ஒரு பொண்ணை வச்சுக்கறேன். அவ குடுக்கலைன்னா வேற எடம் தேடணும், பேங்குல பேசணும், இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். அப்ப நீ இருந்துதான் ஆகணும்."

அம்மாவின் வாய் நான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பிடிபட்ட நாளிலிருந்து வரி அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் சுகாதார ஆய்வாளரிடமும் அவளுக்காகப் பேசிவருகிறேன். 'எனக்கு மார்பில் வலிக்கிறது' என்று மருத்துவரிடம் நான் சொல்லும்போது அது அம்மாவின் வலி. 'எனக்கு அவகாசம் வேண்டும்' என்று நான் கெஞ்சும்போது அது அம்மாவின் அவகாசம். எனக்கென்று நான் சொல்ல வேண்டியது எதுவோ அது தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். துயெத் என்ற என் பெயருக்குப் பனி என்று அர்த்தம். பனி விழாத ஊரில் பிறந்து, பனி விழாத ஊரில் வளர்ந்தவள் நான். சியாட்டிலில் எப்போதாவது பனி விழுமாம். கிண்ணங்களைத் துடைத்து அடுக்கும்போதெல்லாம் அந்த ஊரின் ஒரு சன்னலை நினைத்துக்கொள்வேன். சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கூட நினைக்கமாட்டேன். சன்னல் போதும்.

மாடி வராந்தாவில் மில்ட்ரெட் ஆன்ட்டி பாகற்காய் பறித்துக்கொண்டிருந்தார். கம்பி கட்டி, சுவர் முழுக்கக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார்.

"உங்கம்மாவுக்கு நாலு காய் எடுத்துட்டுப் போ. உள்ள கறியத் திணிச்சு நாள் முழுக்க வேகவைக்க வேண்டாம்னு சொல்லு. பாவம் அந்தக் காய், என்ன தப்புப் பண்ணிச்சு?"

"நீங்க முட்டையப் போட்டு அரைவேக்காடா வதக்கறதைப் பார்த்தா அம்மாவும் இதையேதான் கேக்கறாங்க ஆன்ட்டி."

அவர் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நானா? மொதல் ஆளா நானா? எதுக்கு?"

"நீங்க வசதியானவங்க. அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கும் ஒட்டிக்கும்னு அம்மா நெனைக்கிறாங்க."

"வசதியா! அடிப்பாவி, அந்த ஃபிரிட்ஜைத் தெறந்து பாரு."

திறந்தேன். ஒரு கட்டி டோஃபு, பாதி தின்ற தகர டப்பா இறைச்சி, ஒரு கிண்ணம் சோறு, அப்புறம் பாகற்காய்.

"பேப்பர்ல வந்த படத்தை நானும்தான் பார்த்தேன்" என்றார். "மேல ஏறிப் போச்சே அந்தக் கோடு, அது நான் இல்ல. அது எங்க அண்ணன் ஸ்டான்லி. எஞ்சினீயர், கலிஃபோர்னியாவுல இருக்கான். அது எங்க தம்பி, அவன் பெண்டாட்டி, அவங்க பிள்ளைங்க. எங்க தாத்தா பன்னி வளர்த்தாரு. அப்பா விடியறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போயி மிச்சம் மீதிய வாளியில வாங்கிட்டு வருவாரு. வண்டிப் பின்னாடி வாளியப் பிடிச்சுக்கிட்டு நான். அப்படியே ஸ்கூலுக்குப் போவேன். ஒருத்தரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க."

"எம் பக்கத்துலயும்தான் உக்கார மாட்டாங்க. மீன்சாறு நாத்தம்னு."

"பன்னிக்கு மீன் தேவலாம்" என்று என் தோளில் தட்டினார். "அந்தப் பன்னியில வந்ததுதான் இந்தக் கட்டடம். அண்ணன் படிச்சான், தம்பி படிச்சான். நான் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சோறு போடற வேலைக்குப் போனேன். யாராவது ஒருத்தர் வீட்டோட இருக்கணும்ல? அப்பா அம்மாவைப் பார்த்துக்கணும். அப்புறம் இவங்களைப் பார்த்துக்கணும்."

இவர்கள் என்று அவர் காட்டியது கூடத்து அலமாரியை. மூதாதையர் பெயர்கள் எழுதிய சிவப்புப் பலகைகள் அங்கே வரிசையாக நின்றன. முன்னால் தேநீர், ஆரஞ்சு, புகையும் ஊதுபத்தி. அவை மூத்த மகனுக்குச் சேரவேண்டியவை. மகள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஸ்டான்லி ஊரைவிட்டுப் போகும்போது, "கொஞ்ச நாளைக்கு நீ வச்சிரு, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாராம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"ஒரு வீடு மேல ஏறணும்னா யாராவது ஒருத்தர் அடியில நின்னு ஏணியப் பிடிச்சுக்கணும்" என்றார் மில்ட்ரெட் ஆன்ட்டி. "பிடிச்சவங்களை யாரும் படம் போட மாட்டாங்க. என்னைக் கேட்டா உங்கம்மாதான் பணக்காரி. கடையத் தெறந்தா வரிசை நிக்குது. வாயாட ஒரு மக இருக்கா."

"அம்மா உங்களைப் பத்தி அப்படியே சொல்லுவாங்க. படுத்துக்கிட்டே வாடகை வாங்கறான்னு."

"படுத்துக்கிட்டா? வாடகையில பாதி வரிக்கு, மீதி இந்தக் கூரைக்கு. மழை பேஞ்சா என் கட்டிலை எங்க இழுத்துப் போடறதுன்னு வந்து பாரு."

தயங்கித் தயங்கி ஜூன் மாதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்கென்ன, எப்பவும் போலத்தான். உங்க வருஷப் பொறப்பு அன்னிக்கே உங்கம்மாவுக்குக் கைகொடுத்துடறேன். உங்க சாமி முன்னாடியே" என்றார். பிறகு, வெட்கப்படுகிற சின்னப் பெண் மாதிரி, "என்னை அதிர்ஷ்டத்துக்குன்னு யாரும் கூப்பிட்டதில்ல. சிவப்புச் சட்டை போட்டுக்கணுமோ?" என்று கேட்டார்.

படிகளில் நான் இறங்கி வரவில்லை. மிதந்து வந்தேன்.

ஜனவரியில் மில்ட்ரெட் ஆன்ட்டி திடீரென்று கலிஃபோர்னியாவுக்குப் போனார். அண்ணனைப் பார்க்கப் போவதாக மாடிப்படியில் நின்று சொன்னார், முகம் வெளுத்திருந்தது. விமானப் பயணம் என்றால் அவருக்குப் பயம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பார்த்தியா" என்றாள் அம்மா. "நெனைச்ச ஒடனே பிளைன் ஏறுறா. இதுதான் வசதி. சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கோம்."

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். பாகற்கொடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. கீழே இறங்கி வரவில்லை. நான் என் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரவல் வாங்கியவை, கற்பூர உருண்டை வாசம் அடித்தது. அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

புத்தாண்டுக் காலையில் அம்மா எனக்குப் புது உடுப்பு போட்டுவிட்டாள். நீளமான மஞ்சள் பட்டு, கழுத்தை இறுக்கிப் பிடித்தது. அன்றைக்கு வீட்டைப் பெருக்கக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது, அழக் கூடாது. 'இல்லை', 'முடியாது' என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. காலையில் வாயிலிருந்து விழுகிற சொல் வருஷம் முழுக்க வீட்டில் குடியிருக்கும் என்பது அம்மாவின் திடமான நம்பிக்கை. அப்பாவின் படத்துக்கு முன்னால் தர்பூசணி, இலையில் கட்டி அவித்த ஒட்டரிசி உருளை, சர்க்கரையில் ஊறிய தேங்காய்த் துண்டுகள். கடைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம்.

கதவு தட்டப்பட்டது. அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு திறந்தாள்.

மில்ட்ரெட் ஆன்ட்டி சொன்னபடி சிவப்புச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு தட்டு நிறைய, எண்ணெயில் பொரித்த சர்க்கரை உருண்டைகள், இன்னும் சூடாக. வலது காலை வைத்து உள்ளே வந்தார். அம்மா இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினாள்: "ஹாப்பி! மணி! ஹெல்த்! ஹாப்பி!" சிவப்பு உறையில் போட்ட காணிக்கையை நீட்டினாள்.

அவர் உறையை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"துயெத், உங்கம்மாகிட்ட நான் சொல்றதைச் சொல்லு. எங்க அண்ணன் செத்துப் போயிட்டான். போன மாசம். அதுக்குத்தான் போனேன். கட்டடம் அவன் பேர்லதான் இருந்துச்சு, இப்ப அவன் பையனுக்கு. அந்தப் பையன் வித்துட்டான். ஜூன் மாசம் இடிச்சிடுவாங்களாம். எனக்கே முந்தாநாள்தான் சொன்னான். பலகைங்களை என்னடா பண்றதுன்னு கேட்டேன். அது வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க அத்தைன்னுட்டான்."

அம்மா சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். வருஷத்தின் முதல் வாழ்த்து அவளுடைய மொழியில் என் வாயிலிருந்து வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

"இந்த வருஷம் உங்களுக்கு நல்லபடியா அமையணும்னு சொல்றாங்கம்மா."

"இவ்வளவு நீளமாப் பேசினதுக்கு இம்புட்டுத்தானா? அவ கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"சந்தோஷத்துல."

"எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது துயெத். மூஞ்சி தெரியும்."

"சொல்லிட்டியா?" என்று மில்ட்ரெட் ஆன்ட்டி கேட்டார். "மறைக்காதம்மா. வராம இருந்துடலாம்னுதான் நெனைச்சேன். ஆனா கூப்பிட்டாளே, வரேன்னு சொன்னேனே. பொய்யாக் கைகொடுக்க எனக்கு மனசு வரல."

சொன்னேன். சாவு, விற்றாயிற்று, இடிப்பார்கள். அந்த வீட்டில் அந்தக் காலையில் சொல்லக்கூடாத சொற்கள் ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து, என் குரலில் விழுந்தன. அம்மாவின் கைகள் தாமாகவே அப்பாவின் படத்தை நோக்கிக் கூப்பிக்கொண்டன. துக்கத்தில் இருக்கிறவர் புத்தாண்டுக்கு ஒரு வீட்டு வாசலை மிதித்தாலே போதும், அந்த வருஷம் தேறாது. அம்மா தேடித்தேடி, படம் பார்த்து, ஆள் அனுப்பி, துக்க வீட்டுக்காரியை, அதுவும் ஜூனில் தெருவுக்கு வரப்போகிறவளை அழைத்திருக்கிறாள்.

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மேல போற கோட்டைப் பார்த்துத்தானடி கூப்பிட்டேன்" என்றாள் மெதுவாக. அழவில்லை. அன்றைக்கு அழக் கூடாது.

மில்ட்ரெட் ஆன்ட்டி தட்டை மேசையில் வைத்தார். எதிரில் உட்கார்ந்தார்.  பிறகு அவர் பேச ஆரம்பித்தார், நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்க தாத்தா ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான், வாலஸ்னு பேரு. கபஹுலுவில சாப்பாட்டுக் கடை. பிள்ளைங்க ரெண்டு பேரும் பல் டாக்டருங்க, யாரும் அடுப்புப் பக்கம் வரமாட்டேங்கறாங்க. அவனுக்கு முதுகு போச்சு. கடையக் குத்தகைக்கு விடணும். ஆனா எங்காளுங்க அப்படி லேசுல வெளியாளுக்குத் தரமாட்டாங்க. நேத்து அவன்கிட்டப் பேசினேன். என் வீட்டு ஆளுங்கன்னு சொன்னேன். உன் வீட்டு ஆளுன்னா தரேன்னான்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "வீட்டு ஆளா? அப்படியா சொன்னா?"

"ஆமாம்மா."

"அவ வாயாலயே?"

"அவங்க வாயாலயே."

அம்மா எழுந்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. குளிர்பெட்டி செத்தபோதும் சுகாதார ஆய்வாளர் வந்தபோதும் நான் பார்த்த முகம் அது. வழி கண்டுபிடித்துவிட்ட முகம்.

"வெளியாள் வந்தாத்தான மொதக் காலடி? வீட்டு ஆளு வந்தா அது காலடியே கெடையாதே! மாடியிலேர்ந்து கீழ எறங்கியிருக்கா, அம்புட்டுத்தான். இன்னும் யாருமே வரல. வருஷம் இன்னும் பொறக்கவே இல்ல!" அம்மா மில்ட்ரெட் ஆன்ட்டியின் தோள்களைப் பிடித்தாள். "இனிமே இவ எனக்கு அக்கா. ஜூன்ல எங்க போவா? நம்மகூடத்தான். சாமிப் பலகைங்களையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. அப்பா படத்துக்குப் பக்கத்துல எடம் இருக்கு. ஒன் ரூம்தான் காலியாகுதே, அதுல படுத்துக்கட்டும்."

என் அறை காலியாகிறது என்று அம்மா சொன்னாள். அம்மாவே சொன்னாள். அப்படியானால் அந்தச் சாவும் நம் வீட்டுச் சாவுதானே என்று கேட்கத் தோன்றியது. ஆனால் என் அறை காலியாகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

மில்ட்ரெட் ஆன்ட்டி இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கான்னா சொன்னா? ஒங்கம்மா என்னைவிடப் பெரியவ மாதிரில்ல இருக்கா" என்றார், சிரிப்பும் அழுகையுமாக. நான் அதைச் சொல்லவில்லை. பிறகு அவர் என் கண்களைப் பார்த்தார், பார்வையைத் தட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. வாலஸ் பத்து வருஷத்துக்கு எழுதித் தரச் சொல்லுவான். கையெழுத்துப் போடறவங்க இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும். வயசானவங்க வேண்டாமாம், பட்டது போதுமாம். சின்ன வயசு. கடையிலயே இருக்கணும். பாதியில விட்டுட்டுப் போற ஆளு கூடாதுன்னான்."

இந்த வாக்கியங்களை நான் விழுங்கியிருக்கலாம். சற்றுமுன் அப்படி விழுங்கப் பார்த்து என்ன ஆயிற்று என்று தெரியும். ஜூன் வந்தால் வாலஸ் எப்படியும் கேட்பார், அம்மா எப்படியும் என்னைத்தான் பார்ப்பாள். சொன்னேன். யாரைப் பற்றியோ சொல்வது போல, ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "நல்லதாப் போச்சு, நம்ம துயெத் இருக்காளே."

"அம்மா, சியாட்டில்..."

"சியாட்டில் எங்கயும் ஓடிப் போகாது."

"அம்மா, என்னால..."

சர்க்கரைத் தேங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து என் வாயில் வைத்துவிட்டாள். "இன்னிக்கு அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாத. தின்னு, வாய் இனிக்கட்டும்." என் தோளைப் பிடித்துப் பின்கதவுப் பக்கம் திருப்பினாள்.  "இப்ப வருஷத்துக்கு ஒரு நல்ல காலடி வேணும். யாரைப் போயிக் கூட்டியாறது? நீதான். பின்வாசலால வெளிய போ. சுத்திக்கிட்டு முன்வாசலால உள்ள வா. புது ஆள் மாதிரி வா. வரும்போது வாயில இதைச் சொல்லிக்கிட்டே வரணும்: 'பத்து வருஷம் இந்த அடுப்பை நான் அணைய விடமாட்டேன்.' சத்தமாச் சொல்லு. சாமிக்குக் கேக்கணும்."

மில்ட்ரெட் ஆன்ட்டிக்கு மொழி புரியவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தது. "துயெத்" என்றார். அவரிடம் வேறு கூரை இல்லை. அம்மாவிடம் வேறு வழி இல்லை. பின்கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

தெரு ஈரமாக இருந்தது. மலைப்பக்கத்திலிருந்து மழைச்சாரல் வெயிலோடு கலந்து இறங்கியது. மாலை கட்டும் கடைகளில் பூக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டாசுக் காகிதம் ஓடையில் மிதந்து போனது. நிறுத்தத்தில் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து வந்து நின்றது, கதவைத் திறந்தது, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போயிற்று. என்னிடம் பேருந்துக் கட்டணம் கூட இல்லை. மஞ்சள் பட்டும் ரப்பர் செருப்பும்தான். வாயில் தேங்காய் இன்னும் கரையவில்லை.

முன்வாசலுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா ஊதுபத்தி கொளுத்துவது தெரிந்தது.

"துயெத்துக் கண்ணு! என்ன இது, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா? மஞ்சள் பட்டு?"

எட்டாம் மாமா. எங்களில் ஆட்களைப் பிறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவோம். மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர். இந்த ஊரில் அவரைப் போல அதிர்ஷ்டம் கெட்டவர் இல்லை என்பது அவரே ஒத்துக்கொள்ளும் விஷயம். சொந்தப் படகு மூழ்கியது, இரண்டாவது மனைவியும் ஓடிப்போனாள், அவர் பங்கு போட்ட கடை எரிந்தது. தோளில் மூட்டையும் கண்ணில் உப்பும் தூக்கமுமாக நின்றார்.

"இப்பதான் கரைக்கு வந்தோம். கடல்ல நாளு கெழமை எங்க தெரியுது? ஒரு கிண்ணம் சூடா ஊத்தச் சொல்லு ஒங்கம்மாவை, எங்க ஆறாமக்காவை" என்று கதவின் மேல் கை வைத்தவர், வாசலில் தொங்கிய சிவப்புத் தோரணத்தைப் பார்த்து நெருப்பில் பட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். "ஐயையோ, இன்னிக்கா? வருஷப் பொறப்பா? நான் உள்ள வந்தேன்னா ஒங்கம்மா என்னை வெட்டிக் குழம்புல போட்டுடுவா." குரலைத் தாழ்த்தினார். "மொத ஆளு வந்தாச்சா கண்ணு? வந்தாச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டாவதா வரலாம்."

'வந்தாச்சு மாமா, நீங்க உள்ள போங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எட்டாம் மாமாவின் கால் உள்ளே விழுந்த வருஷத்தில் அம்மா எந்தக் காகிதத்திலும் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டாள். பத்து வருஷம் என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். வாலஸின் கடை வேறு யாருக்கோ போகும். அம்மாவும் மில்ட்ரெட் ஆன்ட்டியும் ஜூனில்... அதற்கு மேல் நினைக்க எனக்குச் சன்னல் இல்லை. ஆனால் நான் செப்டம்பரில் சியாட்டிலில் இருப்பேன்.

மாமா பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலில் நனைந்து காய்ந்த சட்டை, உதடு வெடித்திருந்தது. என்னை நம்பிக் கேட்டார். கதவிடுக்கு வழியாக, அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு மில்ட்ரெட் ஆன்ட்டியை உட்காரவைப்பது தெரிந்தது. இருவரும் வாசலையே பார்த்தார்கள். யாராவது வரவேண்டுமே என்று பார்க்கிற இரண்டு முகங்கள்.

தேங்காய்த் துண்டை விழுங்கினேன்.

"இன்னும் இல்ல மாமா" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கதவைத் தள்ளினேன். வலது காலை எடுத்து வைத்தேன். அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். முதல் இரண்டு சொற்களைச் சொன்னேன். குரல் எழும்பவில்லை.

"சத்தமா" என்றாள் அம்மா.

வெளியே எட்டாம் மாமா மூட்டையைத் தரையில் இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் சொல்லி முடி கண்ணு" என்றார். "பசிக்குது."